அந்த உடம்புக்காரன் எங்கே போனான்?

போன செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் லஞ்ச் டைம். டப்பாவில் இருந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு இம்தியாஸின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். இம்தியாஸ் என் பள்ளிக்கூடத்து தோஸ்த். கதவோரத்து கம்ப்யூட்டரை எனக்கென்று விட்டு வைப்பான். அரை மணி நேரம் கிடைத்தால் நான் நெட்டில் எழுதிவரும் தொடர்கதைக்கு ஒரு பக்கமாவது அடித்துவிடுவேன்.

அன்றைக்கு நாலு வரிகூட அடித்திருக்க மாட்டேன். பக்கத்து நாற்காலி நகரும் சத்தம். திரும்பினால்... ஸ்டெல்லா அக்கா!

ஸ்டெல்லா அக்காவுக்கு எங்கள் எதிர்வீடு. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். (பெயரை மாற்றியிருக்கிறேன். கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வருகிறது. அது என் வீடு.) கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்தார். யாருக்காவது பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"தம்பி, உன் கதையில ஒருத்தன் செத்துப்போயி இன்னொருத்தன் உடம்புக்குள்ள பூந்துக்குறான் இல்ல?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டிலேயே ஒரு வாசகி!

"ஆமாக்கா! நீங்களும் படிக்கிறீங்களா?"

"அவரு படிச்சிட்டு வந்து சொல்றாரு. அது இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அந்த உடம்புக்காரன் எங்க போனான்?"

விழித்தேன். ஏன் விழித்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்த வகைக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் நம் கதைகளில் பாய்கிறவன் மந்திரம் கற்றவன். தெரிந்தே பாய்வான். இப்போது நெட்டில் சீனாக்காரர்கள் எழுதி, யாரோ புண்ணியவான் இங்கிலீஷில் மாற்றிப் போடுகிற தொடர்கள் வருகின்றனவே, அதில் மந்திரமும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. சாதாரண ஆபீஸ் பையன் லாரியில் அடிபட்டுச் சாவான். கண் விழித்தால் வேறு உலகம், வேறு உடம்பு. பெரும்பாலும் ஒரு பிரபு வீட்டு உதவாக்கரைப் பிள்ளையின் உடம்பு. சூதாடி, குடிகாரன், வேலைக்காரர்களை அடிக்கிறவன்.

இவன் உள்ளே வந்ததும் உதவாக்கரை உத்தமனாகிவிடுகிறான். காய்ச்சலில் ஞாபகம் போய்விட்டது என்று ஒரு வார்த்தை போதும். பெற்ற தாய் நம்பிவிடுவாள். வீடே கொண்டாடும். பழைய ஆசாமி? அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்? கிடையாது. ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தக் கதைகளின் அஸ்திவாரமே அதுதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் கட்டடம் ஆட்டம் காணும். அதனால் எவரும் கேட்பதில்லை. ஸ்டெல்லா அக்கா கேட்டுவிட்டார்.

என் தொடரும் அந்த வகைதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் குமார், நீர்க்கோட்டை என்ற நகரத்தில் பிரபுவின் மூன்றாவது மகனாகக் கண் விழிக்கிறான். மதில், கடைவீதி, காவல் படை, வரி, திருவிழா என்று அந்த நகரத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். முதலில் செய்தது என்ன தெரியுமா? ஆற்றில் தண்ணீர் விட்டேன். பாலாற்றங்கரையில் பிறந்தவன் ஒரு உலகம் படைத்தால் வேறென்ன செய்வான்?

பெருமையாகத்தான் இருந்தது. துபாயிலிருந்து ஒரு வாசகர் கமென்ட் போடும் வரை. 'உங்கள் நகரத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நல்லதோ கெட்டதோ, ஒரு வாசனைகூட இல்லையே, ஏன்?'

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இல்லை.

என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலோடும் சுண்ணாம்போடும் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து என்னைத் தூக்கிக்கொள்வார். எனக்கு அது அப்பா வாசனை. அதை உலகம் வேறு பெயரில் சொல்கிறது என்பதே, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போய், வேலூர் ஹாஸ்டலில் என் ரூம்மேட் என் பெட்டியைத் திறந்ததும் ஜன்னலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு ஊர் நாறாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினால், 'ஓ, ஊர் வந்துடுச்சா, இறங்கணுமா' என்று பையை எடுத்துக்கொள்வோம்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன். மீசை முளைத்த நாளிலிருந்து டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டியவர். மழைக்காலத்தில் பைபாஸில் அவர் வண்டியை ஒரு லாரி தட்டிவிட்டது. (ஆமாம், லாரிதான். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.) வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். பிழைத்துவிட்டார். தலையில் அடி என்பதால் பழைய ஞாபகம் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது, மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெருவே நின்றது. ஒரு காலைக் கீழே வைத்தார். முகம் சுளித்தது. சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாங்க இது, இவ்ளோ நாத்தம் அடிக்குது?"

தெரு சிரித்தது. டிரம் ஓட்டுன ஆளுக்கு நாத்தமாம்! சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினோம் என்று எவரும் எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் ஒரு வெளியூர்க்காரர் வந்து இறங்கியிருந்தார். தேவராஜ் அண்ணனின் முகத்தோடு.

அதன்பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். அதுதான் விசேஷம். குடி இல்லை. சத்தம் இல்லை. துணியைத் தானே மடித்து வைக்கிறார். பெண்டாட்டியை 'நீங்க' என்கிறார். தெருக்குழாயில் பெண்களுக்கு வழி விட்டு நிற்கிறார்.

"ஆஸ்பத்திரில இன்னா மருந்துப்பா குடுத்தாங்க? என் மச்சானுக்கு ஒரு பாட்டில் சொல்லு," என்றான் இம்தியாஸ்.

பழைய தேவராஜ் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று தெருவுக்குத் தெரியும். ராத்திரிச் சத்தம் கேட்ட எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கேட்டால், எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "நீயா? தங்கமான மனுசன்பா!" பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை. நல்லது நடக்கும்போது அதைக் கெடுப்பானேன்?

வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பகலில் பிரவுசிங் சென்டருக்கு வர ஆரம்பித்தார். மனிதர்கள் மறந்துபோனாலும் எழுத்து மறக்கவில்லை. இம்தியாஸ் என் தொடரைத் திறந்து கொடுத்திருக்கிறான். முதல் அத்தியாயத்திலிருந்து உட்கார்ந்து படித்தாராம். எல்லாம் முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

ஒருநாள் கடைத்தெருவில், "தேவராஜ் அண்ணா!" என்று கூப்பிட்டேன்.

நின்றார். ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். மெதுவாகச் சிரித்தார். "சாப்டாச்சா?" என்றார்.

இதை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது.

ஏன் என்றால், அது நான் எழுதியது. நீர்க்கோட்டைக்கு வந்த குமார், தன்னைத் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிப்பான். 'கூப்பிட்டதும் பதில் சொல்லாதே. ஒரு மூச்சு நில். சிரி. பிறகு, சாப்டாச்சா என்று கேள். தெரிந்தவனும் கேட்பான், தெரியாதவனும் கேட்பான். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ள வழியே இல்லை.' பொழுதுபோக எழுதிய அத்தியாயம். அவர் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார். மூச்சு உட்பட.

போன திங்கட்கிழமை அவரே என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம். பாஸ்டர் சாட்சி சொல்லணும்ன்றாரு."

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் ஒருவர் செத்துப் பிழைத்து வந்தால் வாசலில் ஷாமியானா போட்டு, ஜெபம் பண்ணி, பிரியாணி போடுவார்கள். பிழைத்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். நான் முன்னே எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார்... 'முன்னே எப்படி' பாகம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கும். கூட்டத்துக்குப் பிடித்ததும் அந்தப் பாகம்தான்.

"முன்ன நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாதே தம்பி. நீ கதை எழுதுறவன். ஒரு பக்கம் எழுதிக் குடேன்."

"தங்கமான மனுசன்ணா நீங்க..."

"அதான் எல்லாரும் சொல்றாங்க." என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுப் பெட்ரூம் கதவுல ஒரு குழி இருக்கு. இன்னான்னு கேட்டா, பழைய கதவுன்றாங்க. நேத்து சும்மா கைய மடக்கி அதுல வச்சுப் பாத்தேன்." முஷ்டியை மடக்கிக் காட்டினார். "கரெக்டா உக்காருது தம்பி. அளவெடுத்த மாதிரி."

முஷ்டியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் கதையில அந்தப் பழைய ஆளு போய்ட்டானா... இல்ல, உள்ளயே எங்கனா உக்காந்துனு இருக்கானா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் செவ்வாய்க்கிழமை லஞ்ச் டைமில் அடித்துக்கொண்டிருந்தேன். நீர்க்கோட்டையில், ஆளில்லாத அறையில், குமாரின் உள்ளே இருந்து யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். அந்த இடத்தில்தான் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

"சொல்லு தம்பி. எங்க போனான்?"

"கதையில அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கக்கா."

"நான் கேக்குறேன்."

பாவம், புருஷனைத் தேடுகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்லவராக மாறினாலும், கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் அவர் இல்லையே? ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"திரும்பி வந்துடுவாருக்கா. கண்டிப்பா வருவாரு. கவலப்படாதீங்க."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நிறம் இறங்கியது. ஐ.டி. கார்டின் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.

"வர வெக்காத," என்றார்.

கவுன்ட்டரில் இம்தியாஸ் தலையைத் தூக்கவே இல்லை.

"நீ பேனாவ வச்சிக்கினு இருக்க. நீ எழுதுனா அதத்தான் அவரு படிப்பாரு. உள்ள இருக்கான்னு எழுதிட்டேன்னு வையி, தேட ஆரம்பிச்சிடுவாரு. சாட்சியில நீ இன்னின்ன பண்ணேன்னு எழுதிக் குடுத்தீன்னா, அவனைப் பேர் சொல்லிக் கூப்ட்ட மாதிரி. வந்து நிப்பான்."

"அக்கா, இது கதைக்கா..."

"காலைல எந்திரிச்சதும் நான் இன்னா பண்றேன் தெரியுமா? ஜன்னலத் தொறந்து வுட்டுட்டு அவரைக் கேப்பேன். இன்னிக்கி நாத்தம் எப்படி இருக்குன்னு. அய்யோ, தாங்கலிங்கன்னு மூக்கப் புடிப்பாரு." முதல் முறையாகச் சிரித்தார். "அப்புறந்தான் அடுப்ப பத்த வெப்பேன்."

நானும் சிரித்தேன். பிறகுதான் அது என்ன என்று உறைத்தது. ஊர் முழுக்க, அந்த நாற்றத்தைப் பற்றிக் கேட்டு நிம்மதி அடைகிற ஒரே மனுஷி அவர்தான். பழைய ஆளின் மூக்கு இன்னும் திரும்பி வரவில்லை என்று தினமும் காலையில் உறுதி செய்துகொள்கிறார்.

அவர் எழுந்து போனதும் அந்தக் கனைப்பை அழித்தேன். அத்தியாயம் முழுவதையும் அழித்தேன். நீர்க்கோட்டையில் ஒரு திருவிழா வைத்து ஒப்பேற்றிவிட்டேன்.

சாட்சியும் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சப்பையாக எதையும் எழுதியதில்லை. 'நான் ஒரு சாதாரண மனிதன். உழைத்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். ஆண்டவர் எனக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுத்தார்...' கெட்டது ஒன்றுமில்லை. நல்லதும் ஒன்றுமில்லை. வாசனையே இல்லாத ஒரு மனிதன். அதில்தான் நான் கெட்டிக்காரனாயிற்றே!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து மத்தியானக் கூட்டம். வாசலில் ஷாமியானா. ஓரத்தில் அண்டா அண்டாவாகப் பிரியாணியும் கத்திரிக்காயும். மூடி திறக்கிற நேரத்துக்காக இம்தியாஸும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். தேவராஜ் அண்ணன் வெள்ளைச் சட்டையில் எழுந்து, நான் எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்தார்.

"நான் ஒரு சாதாரண மனிதன்..."

கூட்டத்துக்கு ஏமாற்றம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் எல்லா வாயும் மூடியே இருந்தது. அவர் நிதானமாக வாசித்தார். பந்திப் பக்கம் ஒரு அண்டாவைத் திறந்து கரண்டியோடு நின்ற ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் நாலு வரி. முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. டேனரிக் கழிவுக் கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும். எனக்கென்ன தெரியும்? முன்வரிசையில், சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா அக்காவின் சித்தி முந்தானையை மூக்கில் வைத்து அழுத்தியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஸ்தோத்திரம்! எப்படித்தான்மா இருக்கீங்க இந்த நாத்தத்துல?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். தேவராஜ் அண்ணன் வாசிப்பதை நிறுத்தினார். தலையைக் கொஞ்சம் தூக்கினார். காற்றை ஒருமுறை ஆழமாக இழுத்தார்.

"நாத்தமா?" என்றார். "இன்னா நாத்தம்?"

ஷாமியானாவே அதிர்ந்தது. "அப்படிப் போடு! நம்மாளு ஆயிட்டாம்பா!" என்று யாரோ கத்தினார்கள். கை தட்டினார்கள். இம்தியாஸ் என் தொடையில் அடித்துச் சிரித்தான். தேவராஜ் அண்ணனும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார்.

நான் பந்திப் பக்கம் பார்த்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து சோறு ஒவ்வொரு பருக்கையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பந்தியில் என் இலைக்குப் பரிமாற அக்காவே வந்தார். குனிந்து, கத்திரிக்காய் வைக்கிற சாக்கில் கேட்டார்.

"கேட்டியா?"

"மூக்கு பழகிடுச்சுக்கா. எல்லாருக்கும் அப்படித்தான். வெளியூர்லேருந்து கம்பெனிக்கு வர்ற பசங்களுக்கே ரெண்டு மாசத்துல பழகிடுது."

"ஆமா," என்றார். "மூக்கு மட்டும் பழகியிருந்தா சரி."

அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வரும் வழியில் இம்தியாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சும்மா பேஜார் ஆவாத தோஸ்த். சயின்ஸ்தான் இது," என்றான். சயின்ஸ்தான். நானும் படித்தவன்தான். மூக்கு பழகும். ஞாபகம்கூட நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம். இதில் ஆவியும் இல்லை, கூடும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

உலகம் படைப்பது எப்படி என்று என்னைக் கேட்டு எழுதும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மதிலும் ஆறும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஹீரோ புகுந்துகொண்ட வீட்டில், காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் ஒருத்தி அவன் முகத்தைப் பார்ப்பாள் இல்லையா? எதற்காகப் பார்க்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. வாசலில் தேவராஜ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணா, எப்படி இருக்கீங்க?" என்றேன்.

ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றார். மெதுவாகச் சிரித்தார். "சாப்டாச்சா?" என்றார்.

அப்பாடா! இன்னும் நடித்துக்கொண்டுதான் இருக்கிறார். என் அத்தியாயம்தான், என் மூச்சுதான். வெளியூர்க்காரர் போகவில்லை. அந்த நிம்மதியோடு தெருமுனை வரைக்கும் விசிலடித்துக்கொண்டே போனேன்.

அங்கேதான் விசில் நின்றது. அந்த அத்தியாயத்தை அந்தக் கண்களால் படித்தவர் வெளியூர்க்காரர் ஒருத்தர்தானா, உள்ளே உட்கார்ந்திருந்தவனும் சேர்ந்தா?